மிளகும் மிளகாயும்: மூக்கடைப்புக்கான மரபு வைத்தியத்தை விளங்கிக்கொள்ளல்

முன்னுரை

சிங்கப்பூரின் தென்பகுதியில், துறைமுகத்திற்கு அண்மையில் அமைந்துள்ள வட்டாரம் புக்கிட் மேரா. மலாய்மொழியில் இப்பெயருக்குச் செம்மலை என்பது பொருள். அவ்வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றில் இக்கட்டுரையாளரின் இளமைக் காலம் கழிந்தது. மழைக்காலத்தில் வீட்டில் யாருக்கேனும் மூக்கடைத்துக்கொண்டால், பாட்டியார் இரண்டு வைத்தியங்களைச் செய்வார். ஒன்று, மிளகை ஊசியில் குத்தி விளக்குச் சுடரில் காட்டி, எழும் புகையை முகரச் செய்வது. மற்றொன்று, வழக்கமான மிளகு ரசத்தில் வற்றல் மிளகாயைக் கூடுதலாகக் கிள்ளிப் போட்டுச் சுடச்சுடக் குடிக்கக் கொடுப்பது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய அதைக் குடித்து முடித்ததும், "இப்போது மூச்சு விட்டுப் பார்" என்பார். மூச்சு எளிதாக வருவது போலவே இருக்கும்.

அந்த 'போல' என்னும் சொல்லே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும். மிளகாயின் உறைப்பு மூக்கடைப்பை உண்மையில் நீக்குகின்றதா, அல்லது நீங்கியது போன்ற உணர்வை மட்டும் தருகின்றதா? இவ்வைத்தியம் நம் மரபில் எவ்வளவு தொன்மையானது? இதனைப் பற்றி அறிவியல் இன்று கூறுவது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய பணியன்று. தமிழ் வகுப்பில் மரபு, பண்பாடு ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இவை உரியனவே. "சித்தர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மிளகாயின் மருத்துவக் குணத்தைக் கண்டறிந்தனர்" என்பது போன்ற தொடர்களை மாணவர் கட்டுரைகளில் காணும்போது, ஆசிரியர் அதனைத் திருத்த வேண்டுமா, பாராட்ட வேண்டுமா என்னும் சிக்கல் எழுகின்றது. அச்சிக்கலைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் காட்டும் வரலாறு

மிளகு தென்னிந்தியாவின் சொந்தப் பயிர். சங்க இலக்கியம் இதனைக் 'கறி' என்னும் பெயராலும் சுட்டுகின்றது. யவனர் பொன்னொடு வந்து கறியொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149-ஆம் பாடல் முசிறித் துறையோடு இணைத்துக் கூறுகின்றது. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த 'திரிகடுகம்' என்னும் மருந்துப்பெயர், பதினெண்கீழ்க்கணக்கு நூல் ஒன்றுக்கே தலைப்பாக அமைந்தது. எனவே, சளி, இருமல், மூக்கடைப்பு முதலியவற்றிற்கு மிளகைப் பயன்படுத்தும் வழக்கம் தொன்மையானது என்பதில் ஐயமில்லை.

மிளகாயின் வரலாறு வேறு. அது அமெரிக்கக் கண்டங்களுக்கு உரிய செடி. 1492-இல் கொலம்பசு மேற்கொண்ட பயணத்திற்குப் பின்னரே அது பிற கண்டங்களை எட்டியது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1510-இல் போர்த்துக்கீசியர் கோவாவைக் கைப்பற்றினர். இதனையடுத்த பதினாறாம் நூற்றாண்டில், அவர்களுடைய கடல் வாணிகத்தின் வழியே மிளகாய் இந்தியக் கரைகளில் பரவியது. அது விரைவாகப் பரவி வேரூன்றியமையால் அதன் பிறப்பிடமே மறக்கப்பட்டது. செருமானியத் தாவரவியலார் லியோனார்டு ஃபுக்ஸ் 1542-இல் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாயைக் 'கோழிக்கோட்டு மிளகு' என்று குறித்தமை இதற்குச் சான்றாகும்.

புதிதாக வந்த இப்பொருளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் கூர்ந்து நோக்கத்தக்கது. மிளகு என்னும் சொல்லோடு காய் என்பதைச் சேர்த்து மிளகாய் என்றனர். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பது இதன் கருத்து. கன்னடத்தில் மிளகைக் குறிக்கும் 'மெணசு' என்பதிலிருந்து 'மெணசினகாயி' தோன்றியது. மலையாளத்தில் 'முளகு' என்னும் பழஞ்சொல்லையே மிளகாய் தனதாக்கிக்கொண்டது. பழைய மிளகு 'குருமுளகு' என்னும் அடைபெற்ற பெயருக்கு மாற நேர்ந்தது. மலாய்மொழியிலும் மிளகைக் குறிக்கும் 'லாடா' என்னும் சொல் சில வட்டாரங்களில் மிளகாயையும் குறிக்கின்றது. இலங்கைத் தமிழர் சிலர் வழங்கும் 'கொச்சிக்காய்' என்னும் பெயரோ, அது வந்த துறையாகக் கருதப்பட்ட கொச்சியை நினைவூட்டுகின்றது.

பெயரோடு பணியும் கைமாறியது. மிளகு செய்து வந்த வேலைகளை, விலை மலிவாகவும் வீட்டுக் கொல்லையிலேயே விளைவதாகவும் இருந்த மிளகாய் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது. சமையலில் நிகழ்ந்த இம்மாற்றம் வீட்டு வைத்தியத்திலும் நிகழ்ந்தது எனலாம். ஆகவே, மூக்கடைப்புக்கு மிளகாய் என்பது சங்ககால மரபன்று. சங்ககால மரபு ஒன்றின் மீது பிற்காலத்தில் வந்து படிந்த வழக்கமாகும். பாட்டியாரின் ரசத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய மிளகும், ஐந்து நூற்றாண்டுகளுக்குள் வந்த மிளகாயும் ஒருங்கே கொதித்தன.

உறைப்பு ஒரு சுவையா?

தமிழ் மரபு அறுசுவைகளுள் ஒன்றாகக் கார்ப்பைக் கொள்கின்றது. பேச்சு வழக்கில் நாம் இதனைக் காரம் என்கின்றோம். அறிவியல் பாடத்தில் காரம் என்பது அமிலத்திற்கு எதிரான பொருளைக் குறிப்பதால், இக்கட்டுரையில் உறைப்பு என்னும் சொல் ஆளப்படுகின்றது.

உடலியங்கியல் நோக்கில் உறைப்பு ஒரு சுவையன்று. இனிப்பு, புளிப்பு முதலியவற்றை நாவின் சுவை மொட்டுகள் உணர்கின்றன. உறைப்பையோ வெப்பத்தையும் வலியையும் உணர்த்தும் நரம்பிழைகள் உணர்கின்றன. இதனாற்றான் சுவை மொட்டுகள் இல்லாத கண்ணிலும், மூக்கிலும், மிளகாய் நறுக்கிய விரலிலும் கூட நாம் எரிச்சலை உணர்கின்றோம்.

மிளகாயின் உறைப்புக்குக் காரணமான பொருளை 1816-இல் செருமானிய வேதியியலார் புகோல்ஸ் தூய்மையற்ற நிலையில் பிரித்தெடுத்தார். 1876-இல் ஆங்கிலேயராகிய திரெஷ் அதனைப் படிகமாகப் பெற்றுக் கேப்சைசின் என்று பெயரிட்டார். இப்பொருள் மிளகாயின் விதையில் உருவாவதில்லை; விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறத் தசையில் உருவாகின்றது. நீரில் இது கரைவதில்லை, கொழுப்பில் கரையும். வாய் எரியும்போது தண்ணீரை விடத் தயிர் உதவுவதற்கு இது ஒரு காரணமாகும். மிளகின் உறைப்புக்குக் காரணமான பைப்பெரினை 1819-இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். மின்சாரத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பை மறுஆண்டில் வெளிப்படுத்திய அதே ஓர்ஸ்டெட் இவரேயாவார்.

1912-இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த உறைப்பு அளவீட்டின்படி, தூய கேப்சைசின் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் அலகுகளும், பைப்பெரின் ஏறத்தாழ 1 லட்சம் அலகுகளும் பெறுகின்றன. ஆற்றலில் இவ்வளவு வேறுபாடு இருப்பினும், இவை செயற்படும் இடம் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1997-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் டேவிட் ஜூலியசின் ஆய்வுக்குழுவினர், கேப்சைசின் வந்து பொருந்தும் ஏற்பியைக் கண்டறிந்தனர். டி.ஆர்.பி.வி.1 எனப்படும் அவ்வேற்பி, ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் தூண்டப்படுகின்றது. எனவே, மிளகாயைக் கடித்ததும் 'சுடுகிறது', 'எரிகிறது' என்று நாம் கூறுவது உவமையன்று. நரம்பு மூளைக்கு அனுப்பும் செய்தியே அதுதான். இக்கண்டுபிடிப்புக்காக ஜூலியசு 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் பட்டாபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார்.

மிளகின் பைப்பெரினும், இஞ்சியின் ஜிஞ்சராலும், சுக்கில் மிகும் ஷோகாலும் இதே ஏற்பியைத் தூண்டுவன. திப்பிலியிலும் பைப்பெரின் உண்டு. ஆகவே, திரிகடுகத்தின் மூன்று சரக்குகளும், பின்னர் வந்த மிளகாயும் உடலின் ஒரே வாயிலைத் தட்டுகின்றன. மிளகைப் போன்ற காய் என்று பெயரிட்டோர் ஏற்பியை அறியார்; ஆயினும் நாவையும் மூக்கையும் நம்பி அவர்கள் செய்த வகைப்பாடு பிழையானதன்று.

பறவைகளின் ஏற்பி கேப்சைசினுக்கு மசிவதில்லை என்பது 2002-இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. கூண்டுக் கிளிக்குப் பழுத்த மிளகாயைக் கொடுக்கும் நம் வீட்டு வழக்கத்திற்கும் இங்கே விளக்கம் கிடைக்கின்றது.

மூக்கினுள் நிகழ்வது யாது?

மூக்கடைப்பு என்றதும் சளி அடைத்துக்கொள்வதாகவே பலர் எண்ணுவர். சளி ஒரு பகுதிக் காரணமே. மூக்கின் உட்சுவரில் உள்ள சுருளெலும்புகளைப் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வில் குருதிக் குழாய்கள் நிறைந்துள்ளன. நோய்த்தொற்று, ஒவ்வாமை முதலியவற்றால் அக்குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குவதே அடைப்பின் முதன்மைக் காரணமாகும். வீங்கிய சவ்வை எவ்வளவு சிந்தினாலும் வெளியேற்ற இயலாது என்பதை அனுபவத்தால் அறிவோம்.

உறைப்பான உணவை உண்ணும்போது வாயிலும் மூக்கிலும் உள்ள முக்கிளை நரம்பின் இழைகள் தூண்டப்படுகின்றன. அத்தூண்டுதல் மூளைத்தண்டு வரை சென்று, அனிச்சைச் செயலாக மூக்கின் சுரப்பிகளுக்கு மீள்கின்றது. சுரப்பிகள் நீர்த்த திரவத்தைப் பெருக்குகின்றன, மூக்கு ஒழுகுகின்றது. இந்நீர் கெட்டியான சளியை இளக்கி வெளியேற்ற உதவக்கூடும். ஆனால், வீங்கிய சவ்வை இது வற்றச் செய்வதில்லை. அதற்கு மாறாக, கேப்சைசின் நேரடியாகச் சவ்வின் மீது படும்போது, நரம்பு முனைகளிலிருந்து வெளிப்படும் சில பொருள்கள் குருதிக் குழாய்களை மேலும் விரியச் செய்யவும் கூடும். ஆகவே, மூக்கு ஒழுகுதல் வேறு, மூக்கடைப்பு நீங்குதல் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாமல் இவ்வைத்தியத்தை மதிப்பிட இயலாது.

சூட்டின் பங்கையும் பிரித்து நோக்க வேண்டும். 1978-இல் மயாமியில் நடந்த சிற்றாய்வு ஒன்று, சூடான கோழிச் சூப்பு மூக்கினுள் சளி நகரும் வேகத்தைக் கூட்டியதாகக் காட்டியது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேரிடம் 2008-இல் நடந்த ஆய்வில், சூடான பழச்சாறு பருகியோர் பல தொல்லைகள் தணிந்ததாகக் கூறினர். ஆனால், கருவியால் அளந்தபோது மூக்கின் வழியே செல்லும் காற்றின் அளவு மாறவில்லை. தியோச்சியூ சீனரின் மிளகு மிக்க பா குட் தே, தமிழ் முஸ்லிம்களின் ஆட்டுச் சூப்பு, நம் ரசம் ஆகிய மூன்றும் சிங்கப்பூரில் சளிக்காலத்தில் நாடப்படுவதற்கு, உறைப்போடு சூடும் நறுமணமும் சேர்ந்து தரும் இவ்வாறுதலே காரணமாகலாம்.

தைலம் தரும் ஒப்பீடு

இவ்விடத்துச் சிங்கப்பூர்த் தமிழர் நன்கறிந்த மற்றொரு பொருளை ஒப்பிடுவது பயனுடையது. 1928 முதல் சிங்கப்பூரில் உருவாகி, தமிழகத்திற்குச் செல்வோரின் பெட்டிகளில் தவறாமல் இடம்பெறும் கோடாலித் தைலத்தின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று மெந்தால். மிளகாய் வெப்ப ஏற்பியைத் தூண்டுவது போல, மெந்தால் குளிரை உணரும் ஏற்பியைத் தூண்டுகின்றது. மூச்சுக்காற்று குளிர்ச்சியாகப் படுவதையே மூளை 'வழி திறந்துள்ளது' என்று கொள்கின்றது. 1990-இல் சளி பிடித்தோரிடம் செய்த ஆய்வில், மெந்தால் உட்கொண்டோர் மூச்சு எளிதாயிற்று என்று உணர்ந்தனர். மூக்கினுள் காற்றுக்கு ஏற்படும் தடையோ குறையவில்லை.

இதனால் மெந்தால் பயனற்றது என்றாகாது. மூச்சு முட்டும் உணர்வோடு உறங்க இயலாமல் தவிப்பவருக்கு அவ்வுணர்வு தணிவதே பெரும் பயன். ஆயினும், ஆறுதல் தருவது எது, நோயைக் குறைப்பது எது என்று வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது.

மருத்துவ ஆய்வுகளின் நிலை

கேப்சைசினுக்கு இரண்டாவது முகம் ஒன்றுண்டு. மீண்டும் மீண்டும் தூண்டப்பட்ட நரம்பிழைகள் நாளடைவில் உணர்ச்சி மங்குகின்றன. மிளகாய் உண்டு பழகியவர்க்கு உறைப்புக் குறைவாகத் தோன்றுவது இதனாலேயே. ஹங்கேரிய மருந்தியலார் யாஞ்சோ இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இவ்விளைவை விரிவாக ஆராய்ந்தார். மூக்கிற்கான தற்கால மருத்துவம் பயன்படுத்திக்கொள்வது இதனையே.

ஒவ்வாமையோ நோய்த்தொற்றோ இன்றி, வாடை, புகை, வெப்ப மாற்றம் ஆகியவற்றால் எந்நேரமும் மூக்கு ஒழுகியும் அடைத்தும் துன்புறுவோர் உளர். காரணம் அறியப்படாத இந்நாசியழற்சிக்குக் கேப்சைசின் தெளிப்பு தரப்படுகின்றது. மூக்கை முதலில் மரத்துப்போகச் செய்து, அளந்த நுண்ணிய அளவில், ஒரே நாளில் ஒரு மணி நேர இடைவெளியில் 5 முறை தெளிக்கும் முறை 2003-இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில் சோதிக்கப்பட்டது. 2015-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 302 பேர் பங்கேற்ற 4 சோதனைகளை மதிப்பிட்டது. அறிகுறிகள் தணிந்து அப்பயன் சில மாதங்கள் நீடிக்கக்கூடும் என்றும், ஆயினும் சான்றுகள் சிறிய ஆய்வுகளிலிருந்தே கிடைத்தவை என்றும் அது முடிவு கூறியது. ஒவ்வாமையால் வரும் நாசியழற்சிக்குச் சான்று போதவில்லை என்பது 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின் முடிபாகும்.

இங்கு ஒன்றை வலியுறுத்த வேண்டும். இச்சான்றுகள் சாதாரணச் சளிக்கு உரியவையல்ல. மிளகாய் ரசத்திற்கு உரியவையும் அல்ல. மருத்துவமனையில் நரம்பை அடக்குவதற்குக் கேப்சைசின் தரப்படுகின்றது. வீட்டு ரசமோ நரம்பைத் தூண்டுகின்றது. பொருள் ஒன்றாயினும் செயல் எதிரெதிரானது. எனவே, தெளிப்பு மருந்தின் வெற்றியைக் காட்டி, "பாட்டி வைத்தியத்தை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது" என்று கூறுவது பொருந்தாது.

எச்சரிக்கை

இவ்வேறுபாட்டை அறியாமையால் தீங்கு நேரலாம். மிளகாய்த்தூளையோ அதன் சாற்றையோ மூக்கினுள் இடுதல், குழந்தையின் முகத்தருகே மிளகாயைப் புகைத்தல் ஆகியவை சவ்வைப் புண்படுத்தும். ஆஸ்துமா உடையோர்க்கு மூச்சுத்திணறலை உண்டாக்கவும் கூடும். திருஷ்டி கழிக்க நெருப்பிலிடும் வற்றலின் கமறல் எத்தகையது என்பதை அனைவரும் அறிவோம். கற்பூரமும் மெந்தாலும் மிகுந்த தைலங்களைக் கைக்குழந்தைகளின் மூக்கருகே தடவுவதும் தவிர்க்கத்தக்கது.

ஆவி பிடித்தலையும் இங்கே குறிப்பிட வேண்டும். நொச்சி இலை இட்ட வெந்நீர்ச் சட்டியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்கையில், சட்டி கவிழ்ந்து இக்கட்டுரையாளரின் தம்பிக்குத் தொடையில் வெந்தது. அப்போது அவனுக்கு வயது 6. அத்தழும்பு இன்றும் உள்ளது. பாட்டியார் அதன்பின் வீட்டில் சிறுவர்க்கு ஆவி பிடிக்கவே இல்லை. ரசத்தை மட்டும் நிறுத்தவில்லை. அனுபவம் தந்த சான்றைக் கொண்டு ஒரு வழக்கத்தைக் கைவிட்டு, மற்றொன்றைத் தொடர்ந்த அவருடைய செயல், மரபு என்பது கேள்வி கேளாமல் காப்பது மட்டுமன்று என்பதைக் காட்டுகின்றது.

பத்து நாள்களுக்கு மேல் நீடிக்கும் அடைப்பு, காய்ச்சலோடு கூடிய முகவலி, குழந்தைகளுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்துடன் வடியும் நீர் ஆகியவற்றிற்கு மருத்துவரையே நாட வேண்டும்.

வகுப்பறைக்கு

தமிழாசிரியர் இப்பொருளைக் கையாளும்போது இரு பிழைகள் நேரக்கூடும். ஒன்று, எல்லாவற்றையும் பழந்தமிழர் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது. மிளகாயைச் சங்ககாலத்தில் நட்டுவைக்கும் மாணவரின் கட்டுரையைத் திருத்தாமல் விடுவது, அகநானூறு உண்மையில் கூறும் மிளகின் வரலாற்றையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். மற்றொன்று, சான்று குறைவென்பதால் வீட்டு வைத்தியத்தையே மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது. அவ்வாறு ஒதுக்கினால் சொல்லாட்சி, வகைப்பாட்டறிவு, அண்டை இனத்தாரோடு கொண்ட கொடுக்கல் வாங்கல் ஆகிய அனைத்தும் கைநழுவும்.

இவ்விரண்டையும் தவிர்க்க எளிய பயிற்சி ஒன்றுண்டு. மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் சளிக்கான வைத்தியம் ஒன்றைக் கேட்டு வந்து, மூன்று வினாக்களுக்குத் தனித்தனியே விடை எழுதலாம். வீட்டார் கண்ட பயன் யாது? அப்பொருளின் பெயரும் வரவும் கூறும் வரலாறு யாது? சோதனைகள் காட்டுவது யாது? மூன்று விடைகளும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை மாணவர் உணர்வதே இப்பயிற்சியின் பயனாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன புலனாகின்றன. மூக்கடைப்புக்கு மிளகைப் பயன்படுத்துவது தொன்மையான மரபு. மிளகாய் பதினாறாம் நூற்றாண்டில் வந்து அம்மரபில் இடம்பெற்றது. இரண்டின் உறைப்பும் ஒரே ஏற்பியின் வழியே செயற்படுவதால், மிளகாய் என்னும் பெயர் பொருத்தமானதே. உறைப்பான உணவு மூக்கை ஒழுகச் செய்து ஆறுதல் தருகின்றது. சவ்வின் வீக்கத்தை அது நீக்குவதாகக் கூற இயலாது. கேப்சைசின் தெளிப்பு குறிப்பிட்ட ஒருவகை நாசியழற்சிக்கு மட்டும் ஓரளவு சான்று பெற்றுள்ளது.

"இப்போது மூச்சு விட்டுப் பார்" என்று பாட்டியார் கூறியபோது மூச்சு எளிதாக வருவது போல இருந்ததாகத் தொடக்கத்தில் குறிக்கப்பட்டது. அந்தப் 'போல' பொய்யன்று. அது நரம்பு உணர்த்திய மெய். ஆனால், அது நோய் நீங்கிய மெய்யும் அன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவை மாணவர்க்கு மரியாதையோடும் நேர்மையோடும் எடுத்துரைப்பதே மரபைக் கற்பிப்போரின் கடமையாகும்.